கண்ணாடியோடு ஒட்டிப்போன தாத்தா படத்தை எப்படிப் பிரிப்பது?

தாத்தாவின் தலைத்திவசத்துக்குள் அவருடைய ஒரே படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும், ஆனால் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுத்துவிடலாம்.

பழைய ஸ்டுடியோ படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறிப் பசையாகும், காய்ந்ததும் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் தாள் கைக்கு வரும், முகம் கண்ணாடியிலேயே நிற்கும். சாய்த்துப் பாருங்கள்: நனைந்ததுபோல அடர்ந்து தெரியும் திட்டுதான் ஒட்டிய இடம். தண்ணீரில் ஊறப்போட்டால் கழன்றுவிடுமே என்று சிலர் வாதத்துக்கு வருவார்கள். சில கறுப்பு வெள்ளைப் படங்கள் அப்படிக் கழன்றுவருவது உண்மைதான். கையால் வண்ணம் தீட்டிய படமோ, இன்க்ஜெட்டில் அச்சிட்டதோ என்றால் சாயம் கரைந்து ஓடிவிடக்கூடும். இருப்பதே ஒரு படம்தான் எனும்போது இந்தச் சோதனை எதற்கு?

சட்டத்தைக் கவிழ்த்து, பின்பலகை ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுங்கள். கண்ணாடியும் படமும் ஒன்றாக வெளியே வரட்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தை லேசாக ஈரமான துணியால் துடையுங்கள். திரவத்தை நேராகத் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு), கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே எடுங்கள். மஞ்சள் கறையைப் பிரித்து நீக்க அது உதவும். அஞ்சலட்டை அளவுப் படத்தை 12க்கு 18 அங்குலமாக்குவதானால் 1200 வையுங்கள். பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கண்ணாடியின் கனத்தைத் தாண்டினாலே மங்கலாக எடுக்கும். அப்படியானால் கேமராதான் வழி: படத்தை மேசையில் கிடத்தி, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, ஃபிளாஷை அணைத்து, நடுவில் ஓட்டை போட்ட கறுப்புத் துணிக்குள் லென்ஸை மட்டும் நீட்டி எடுங்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

ஸ்டுடியோவில் மட்டும் கறாராக இருங்கள். கேட்காமலே நரைமீசையைக் கறுப்பாக்குகிறார்கள், கழுத்துச் சுருக்கத்தை வழித்தெடுக்கிறார்கள், வேட்டி துண்டோடு இருந்தவருக்குக் கோட்டு மாட்டுகிறார்கள். இப்போது ஏஐ வேறு. மங்கிய கண்ணை ஊகித்து வேறு யாரோ ஒருவருடைய கண்ணை வைத்துவிடுகிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் அதுவல்லவே! கீறல், கறை, வெளிறல் மூன்றை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

புதுப் படமும் ஒட்டாமலிருக்க, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் கனத்தில் மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் சன்னல்போல வெட்டிய அட்டை) வைக்கச் சொல்லுங்கள். குளியலறைச் சுவரும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். சட்டத்தின் கீழ்மூலைகளில் பின்பக்கம் ரப்பர் குமிழ் ஒட்டினால் காற்று போகும். சந்தனப் பொட்டு வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை, சடங்கைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீர்த்த சந்தனம் வழிந்து கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் தேங்கும், அங்கிருந்து தாள் அதை உறிஞ்சும். பல வீடுகளில் படம் அடியிலிருந்து ஒட்ட ஆரம்பிப்பது இதனால்தான். கெட்டியாகக் குழைத்துச் சிறிதாக வையுங்கள். ஈரப் பூமாலைக்குச் சுவரில் தனி ஆணி அடியுங்கள்.

மூலப்படத்தைக் கண்ணாடியோடு அப்படியே அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, படுக்கைவாக்கில், உலர்ந்த அலமாரியில் வையுங்கள். பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.