கட்டியை உறையவைக்கும் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, புற்றுக்கட்டிக்குள் குளிர் ஊசியைச் செருகி உறையவைத்து அழிக்கும் சிகிச்சையைக் கணினியில் மாதிரியாக்க வேண்டும். எந்தச் சமன்பாட்டில் தொடங்கலாம்?

பதில்: பென்னஸ் 1948இல் தந்த உயிர்வெப்பச் சமன்பாடே போதும்; திசுவில் வெப்பம் கடத்தலாலும் இரத்த ஓட்டத்தாலும் எப்படிப் பரவுகிறது என்பதைச் சொல்வது அது. உறைந்த பகுதியில் இரத்த ஓட்டத்தையும் வளர்சிதை வெப்பத்தையும் சுழியாக்குங்கள். அங்கே வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ நான்கு மடங்காகும் (0.5இலிருந்து 2 வாட்/மீ. கெல்வின்), தன்வெப்பம் பாதியாகும்.

கேள்வி: திசுவுக்குப் பதிலாக 37 டிகிரி ஜெல்லில் ஊசி செருகி அளந்தேன். 10 நிமிடத்தில் வந்த பனி உருண்டையைவிட மாதிரியில் வருவது ரொம்பப் பெரிசு. எங்கே தப்பு?

பதில்: ஜெல்லில் இரத்தம் இல்லை, ஆகவே அதைச் சந்தேகிக்க வேண்டாம். உள்ளுறை வெப்பம், அதாவது உறையும்போது வெளியேற வேண்டிய வெப்பம், கணக்கின் வழியில் தொலைந்திருக்கும். திசுவுக்கு அது கிலோவுக்குச் சுமார் 250 கிலோஜூல். நீர் மிகுந்த ஜெல்லுக்கு நீரின் 334ஐ ஒட்டி வரும். திசுவில் இதை மைனஸ் 1க்கும் மைனஸ் 8க்கும் இடையே பரப்பினால், அந்த 7 டிகிரியில் தன்வெப்பம் பத்து மடங்குக்கு மேல் எகிறும். மாதிரியைப் பிரித்த சிறு கட்டங்களில் ஒன்று, ஒரே காலப்படியில் (கணக்கு ஒரு தடவை நகரும் நேரத்தில்) 0இலிருந்து மைனஸ் 9க்குத் தாவினால் தன்வெப்பத்தின் அந்த மேட்டைப் பார்க்கவே பார்க்காது. வெப்பம் இலவசமாகக் கழிந்துவிடும். 1 மி.மீ. கட்டத்துக்கு, முப்பரிமாண வெளிப்படை முறையில் (முந்தைய படியின் வெப்பநிலையிலிருந்தே அடுத்ததை நேராகக் கணிக்கும் முறையில்) காலப்படி சுமார் 0.15 விநாடியைத் தாண்டினால் கணக்கு வெடிக்கும். வெடிக்கவில்லை என்பதாலேயே சரி என்று எண்ண வேண்டாம். ஊசியருகே அந்தப் படியிலும் தாவல் நடக்கும். வெப்பநிலைக்குப் பதில் என்தால்பியையே (உள்ளுறை வெப்பமும் சேர்ந்த மொத்த வெப்ப அளவை) மாறியாக வைத்து எழுதிவிடுங்கள், இந்தத் தொல்லை ஒழியும். ஊசி உறிஞ்சிய வெப்பமும் ஜெல் இழந்த என்தால்பியும் ஒத்துவருகின்றனவா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. சிறுநீரக மாதிரியில் பனியே வளரவில்லை.

பதில்: இரத்த ஓட்ட வீதத்தின் அலகைப் பாருங்கள். கிராமுக்கு நிமிடத்துக்கு 4 மி.லி. என்றால் விநாடிக்குச் சுமார் 0.07. சில கட்டுரைகள் இதை இரத்தத்தின் அடர்த்தியால் பெருக்கியே தருகின்றன; நீங்களும் பெருக்கினால் ஆயிரம் மடங்கு பிசகும்.

கேள்வி: ஊசியின் வெப்பநிலை மைனஸ் 186 என்று போடலாமா?

பதில்: கூடாது. அது ஊசியைக் குளிர்விக்கும் ஆர்கான் வாயுவின் கொதிநிலை. திசுவுக்குள் ஊசிப்பரப்பு அவ்வளவு இறங்காது, இறங்கவும் நேரம் பிடிக்கும். வெப்பமின்னிரட்டையால் (இரு உலோகக் கம்பிகளால் ஆன வெப்பநிலை உணரியால்) அளந்த வெப்பநிலை-நேர வளைவையே ஊசிப்பரப்பின் எல்லை நிபந்தனையாகக் கொடுங்கள். காப்பிட்ட தண்டுப் பகுதியில் வெப்பப் பாய்வு சுழி.

கேள்வி: பனி கட்டியை மூடிவிட்டால் போதுமல்லவா?

பதில்: போதாது. பனியின் விளிம்பு 0 டிகிரியை ஒட்டியது. அங்கே செல்கள் பிழைக்கும். மாதிரியில் மைனஸ் 40 கோட்டை வரைந்து, கட்டி அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். உறைதலும் உருகுதலுமாக இரண்டு சுற்றையும் ஓட்டுங்கள். பெரிய இரத்தக்குழாய் அருகே இருந்தால் இரத்த ஓட்டத்தைத் திசு முழுவதும் சராசரியாகப் பரப்பும் பென்னஸ் முறை உதவாது. குழாயை 37 டிகிரிச் சுவராகத் தனியே வரையுங்கள், மைனஸ் 40 கோடு அந்தப் பக்கம் உள்வாங்குவது தெரியும்.