விசேட தேவையுள்ள பெரியவர்களும் பாலியல் நலமும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் வீட்டாருக்குத் திருகோணமலைப் பக்கத்தில் வகுப்பெடுத்து வருகிறேன். வகுப்பில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. முடிந்தபிறகு கேட் வரை கூடவே வந்து தணிந்த குரலில் கேட்பார்கள், இல்லாவிட்டால் இரவில் வட்சப்பில் எழுதுவார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யாரையும் அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சு வழக்கில் ‘பிள்ளை’ என்று எழுதினாலும் இவர்கள் எல்லோரும் 18 வயதைத் தாண்டியவர்கள்.

மகளுக்கு 22 வயது, டவுன் சின்ட்ரோம். இதையெல்லாம் பேசினால் இல்லாத எண்ணத்தை நாங்களே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா? – ஓர் அம்மா, தம்பலகாமம்

ஆகாது, அக்கா. படிப்பும் பேச்சும் பிந்தினாலும் உடம்பு பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளின் வயதிலேயே வளர்ந்துவிடும். சாமத்தியச் சடங்குக்குப் பந்தல் போட்டு ஊரையே கூப்பிட்டிருப்பீர்கள். தனக்கு என்ன நடந்தது என்பதை அவளிடம் யாராவது இருந்து சொன்னார்களா?

குளிக்கும்போதும் உடுப்பு மாற்றும்போதும் தொடங்குங்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள். வீட்டில் புழங்கும் சொல்லானாலும் சரி, ஆனால் டொக்டருக்கும் பொலிஸுக்கும் அது விளங்கவேண்டும். உள்ளாடை மூடும் இடங்கள் அவளுக்கு மட்டும் சொந்தம். கழுவிவிட அம்மா தொடலாம். டொக்டர் பார்ப்பதென்றால் அம்மா பக்கத்தில் நிற்பார். இவ்வளவும் முதல் மாதத்துக்குப் போதும்.

அப்புறம் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக்கவேண்டும். கஷ்டமான பாடம் இதுதான். ‘மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு’ என்று சொல்லியே வளர்க்கிறோம், சொல்வழி கேட்கிற பிள்ளை என்று பெருமைப்படுகிறோம். யார் சொன்னாலும் கேட்கிற பிள்ளையைத்தான் கெட்டவன் தேடி வருவான். அடுத்தமுறை மாமா வரும்போது கும்பிடப்போகிறாயா, கை கொடுக்கப்போகிறாயா, ஒன்றும் வேண்டாமா என்று மகளிடமே கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால், மாமாவின் முகம் கோணினாலும் நீங்கள் மகளின் பக்கம் நில்லுங்கள்.

24 வயது மகன் விறாந்தையில் இருந்துகொண்டே சுய இன்பம் செய்கிறான். ஆட்கள் வந்தாலும் நிறுத்துவதில்லை. அடித்தும் பார்த்துவிட்டோம். அடக்க மருந்து இருக்கிறதா? – ஒரு தகப்பன், நிலாவெளி

இனி அடிக்காதீர்கள். அடி வாங்கினால் அவர் ஒளிக்கப் பழகுவார், எந்த இடத்தில் செய்யலாம் என்பது அப்போதும் தெரியாது.

முதலில் அந்த இடத்தில் சொறிவு, பங்கசு, புண், சிறுநீர் எரிச்சல் இருக்கிறதா என்று டொக்டரிடம் காட்டுங்கள். நம்முடைய வெக்கையில் இறுக்கமான நைலோன் ஜட்டி போட்டாலே அரிக்கும். அரிப்பைச் சொல்லத் தெரியாதவர் கையால்தான் காட்டுவார். நாள் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லாமல் விறாந்தையில் இருப்பதும் ஒரு காரணம். மாட்டுக்குத் தண்ணி வைப்பதோ கடைக்குப் போய் வருவதோ, ஒரு வேலை கொடுங்கள்.

உடம்பில் நோய் இல்லை என்றால் இது வளர்ந்த ஆண் ஒருவருக்கு வரும் சாதாரண உணர்ச்சி. இதனால் நோயும் வராது, மூளையும் குறையாது. அவர் கற்கவேண்டியது இடம் மட்டும்தான். அவருடைய அறைக் கதவைப் போனில் படமெடுத்து அச்சடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். விறாந்தையில் கை போனால் கத்தாமல் அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் காட்டி, “அறை. கதவு சாத்து” என்று சொல்லுங்கள். நீங்கள், அம்மா, தங்கை எல்லோரும் அதே சொற்களையே சொல்லவேண்டும். ஒருவர் சிரித்து இன்னொருவர் ஏசினால் பாடம் குழம்பிவிடும். ஒரு துவாய் கொடுத்து, முடிந்ததும் கை கழுவவும் பழக்குங்கள். அவர் உள்ளே இருக்கும்போது நீங்களும் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

தனி அறை இல்லாத வீடுகள் நம்மிடம் நிறைய. ஒரு மூலைக்குச் சீலை கட்டி, மற்றவர்கள் வெளியே இருக்கும் ஒரு நேரத்தை அவருக்கென்று ஒதுக்கினாலும் சரிவரும். மாதக்கணக்கில் எடுக்கும், விட்டுவிடாதீர்கள். இன்று உங்கள் விறாந்தையில் நடப்பது நாளை பஸ்ஸில் நடந்தால் அவரைப் பிடித்து அடிக்கும் கூட்டத்துக்கு எந்த விளக்கமும் கொடுக்க முடியாது.

உணர்ச்சியை அடக்கவென்று மருந்து கேட்டுப் போகவேண்டாம்.

தங்கைக்கு 19 வயது. மாதவிடாய் நாட்களில் பேடைக் கழற்றி எறிகிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை என்கிறார்கள். உம்மாவும் சம்மதம். – ஒரு ராத்தா, கிண்ணியா

உம்மா எவ்வளவு களைத்துப்போயிருப்பார் என்று விளங்குகிறது. ஆனாலும் நோயில்லாத கர்ப்பப்பையை, வசதிக்காக எடுக்கக்கூடாது. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 23ஆம் உறுப்புரை, பிள்ளை பெறும் ஆற்றலை மற்றவர்களைப் போலவே இவர்களும் தக்கவைத்துக்கொள்ள உரிமையுண்டு என்கிறது. உம்மா சம்மதித்தால் அது தங்கையின் சம்மதம் ஆகாது.

இந்த யோசனைக்குப் பின்னால் இன்னொரு பயமும் இருக்கிறது. ‘யாராவது ஏதாவது செய்து வயிற்றில் வந்துவிட்டால்?’ கர்ப்பப்பையை எடுத்தால் வயிற்றில் வராது, அவ்வளவுதான். செய்கிறவன் செய்துகொண்டே இருப்பான். வெளியில் தெரியவரும் ஒரு வழியும் அடைபட்டுப்போகும்.

பேடைப் பழக்க, மாதவிடாய் இல்லாத நாட்களில் தொடங்குங்கள். பேட் வைக்கும் இடத்தைச் சுற்றி ஜட்டியில் நிறநூலால் கோடு தைத்துவிடுங்கள். சிவப்புச் சாயம் ஊற்றிய பேட் ஒன்றை அவளே கழற்றி, சுருட்டி, கடதாசியில் சுற்றிப் போடட்டும். நீங்கள் மாற்றும்போது ஒருநாள் அவளைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், ராத்தாவுக்கும் வருகிறது என்று தெரிவதே பாதிப் பயத்தைப் போக்கும். கலண்டரில் நாளைக் குறியுங்கள். எறிவதற்குக் காரணம் பேடின் உரசலாகக்கூட இருக்கலாம், பருத்தித் துணியில் வைத்துப் பாருங்கள். வயிற்றுவலி இருந்தால் அதற்கு மருந்து கொடுக்கவேண்டும்.

இரத்தப்போக்கு மிக அதிகம் என்றால் பெண் நோயியல் கிளினிக்கில் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டிப்போ என்ற கருத்தடை ஊசியைப் பற்றிச் சொல்லக்கூடும். அது பலருக்கு மாதவிடாயைக் குறைக்கும், நிறுத்தியும்விடும். நீண்டகாலம் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும். நடமாட்டம் குறைந்த பிள்ளை என்றால் இதைக் கட்டாயம் கேட்டு முடிவெடுங்கள்.

எங்கள் நிலையத்தில் தையல் பழகும் ஒரு பெண்ணும் ஒரு இளைஞரும் கை கோத்துக்கொண்டு இருக்கிறார்கள். பிரித்து வைக்கச் சொல்கிறார்கள் பெற்றோர். – ஓர் ஆசிரியை, உவர்மலை

இருவருக்கும் அது விருப்பமா என்று தனித்தனியே கேட்டுப் பாருங்கள். விருப்பம் என்றால் கை கோப்பதில் என்ன குற்றம்? எது எல்லோர் முன்னும் செய்யலாம், எது கூடாது, மற்றவர் கையை இழுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பெற்றோரையும் ஒருநாள் கூப்பிட்டுப் பேசுங்கள்.

“மாமா நோகச் செய்தார்” என்று மகள் நேற்று இரவு சொன்னாள். நாங்கள் என்ன செய்வது? – மூதூர்

இவருக்கு உடனேயே பேசிப் பதில் சொல்லிவிட்டேன். மற்ற வீடுகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

‘நீ சொன்னது நல்லது, உன்னில் பிழை இல்லை’ என்று முதலில் சொல்லுங்கள். அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதிவையுங்கள். ‘இங்கே தொட்டாரா, இப்படிச் செய்தாரா’ என்று நீங்கள் சொல் எடுத்துக்கொடுக்கவேண்டாம், திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம். குளிப்பாட்டாமல், உடுப்புக் கழுவாமல், அந்த உடுப்பைக் கடதாசிப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொலித்தீனில் ஈரம் தேங்கித் தடயம் கெட்டுவிடும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையையும் எச்ஐவி தடுப்பு மருந்தையும் 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு வெள்ளன முடியுமோ அவ்வளவு வெள்ளனத் தொடங்கவேண்டும். அந்த நேரம் தாண்டியிருந்தாலும் போங்கள், சிகிச்சையும் முறைப்பாடும் அப்போதும் உண்டு.

பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பதினெட்டுக்குக் கீழ் என்றால் 1929. உடலிலோ மனதிலோ குறைபாடுள்ள பெண்ணை வன்புணர்வு செய்தவனுக்கு 10 முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறை என்று தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ‘குடும்பத்துக்குள் பேசித் தீர்ப்போம்’ என்று வருகிறவர்களை, அவர்கள் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மகளுக்கு 27. கொஞ்சம் மந்தம், வலிப்புக்குக் குளிசை எடுக்கிறாள். ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. சொல்லாமல் கட்டிவைக்கலாமா? – அன்புவழிபுரம்

சொல்லாமல் செய்யாதீர்கள். முதல் மாதமே தெரியவரும், அடியும் ஏச்சும் அவளுக்குத்தான் விழும். கலியாணம் என்றால் என்ன, தாம்பத்தியம் என்றால் என்ன என்று விளங்கவைத்து, அவளுக்கு விருப்பமா என்று கேளுங்கள். விளங்கி விரும்பினால் அவளும் கலியாணம் கட்டலாம்.

ஆனால் அதற்கு முன் வலிப்புக் கிளினிக்குக்குப் போங்கள். காபமசெப்பின், பெனிடோயின் போன்றவை கருத்தடைக் குளிசையின் வேலையைக் குறைத்துவிடும். வல்புரோயேட் வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். மருந்தை மாற்றுவதென்றால் டொக்டர்தான் மாற்றவேண்டும், நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தவேண்டாம்.

எனக்கு 25 வயசு. பேஸ்புக்கில ஒரு பிள்ளை பழக்கம். உடுப்பில்லாமப் படம் அனுப்பச் சொல்லுது. அனுப்பலாமா? – தம்பி ஒருவர் (அக்கா எழுதிக்கொடுத்தது)

தம்பி, கேட்டது நல்லது. அனுப்பவேண்டாம்.

அந்தப் பிள்ளையை நீங்கள் நேரில் பார்த்ததில்லை. அது வேறு ஒரு ஆளாகவும் இருக்கலாம். படம் போனால் திரும்பி வராது. அதை எல்லோருக்கும் காட்டுவேன் என்று சொல்லிக் காசு கேட்பார்கள்.

‘நான் அனுப்பமாட்டேன்’ என்று எழுதுங்கள். திரும்பவும் கேட்டால் புளொக் பண்ணுங்கள். எப்படி என்று அக்கா காட்டுவார். ஏற்கெனவே அனுப்பியிருந்தாலும் பயப்படாமல் அக்காவிடம் சொல்லுங்கள். காசு கொடுக்கவேண்டாம், வந்த மெசேஜ்களை அழிக்கவும் வேண்டாம். பொலிஸுக்குக் காட்ட அவை தேவை.

ஒரு பிள்ளையைப் பிடிப்பது பிழையில்லை. நேரில் தெரிந்த ஒருவரைப் பிடித்திருந்தால் அதையும் எனக்கு எழுதுங்கள்.