துருப் புள்ளியா? முதலில் அழுத்திப் பாருங்கள்

டர்பன் பக்கம் மழை ஓய்ந்ததும் காரைக் கழுவி நிறுத்திப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் துருவைப் பற்றித்தான்.

பாக்கியின் (பிக்கப் வண்டி) போனட்டில் கல் தெறித்த இடங்களில் மிளகு அளவுக்குத் துரு. வீட்டிலேயே சரி செய்யலாமா? (சாட்ஸ்வொர்த்)

தாராளமாக. இதற்கெல்லாம் பனல் பீட்டர் (தகடு தட்டிச் சரி செய்பவர்) வேண்டாம். சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்துங்கள். தகடு கெட்டியாக இருந்தால் மேல்துருதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைத்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். 320ஆம் நம்பர் உப்புத்தாளில் சின்ன வட்டம் வெட்டிப் பென்சிலின் ரப்பர் முனையில் ஒட்டித் தேய்த்தால் புள்ளியை விட்டுக் கை நகராது. வெள்ளையாகத் தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

குழிக்குள் கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அங்கே மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் ஒரு சொட்டு. அதிலுள்ள டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவைக் கெட்டியான வேறொரு சேர்மமாக மாற்றிவிடும். துருவே இல்லாத தகட்டில் தடவுவதில் பயனில்லை. டப்பாவில் எழுதியிருக்கும் நேரம்வரை காயவிட்டு எபாக்ஸி ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, அப்புறம் மெல்லிசாக இரண்டு மூன்று முறை கலர், கடைசியில் க்ளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும். உங்கள் வண்டியின் கலர் குறியீட்டு எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணிலோ போனட்டுக்கு அடியிலோ ஒரு சின்னத் தகட்டில் இருக்கும்.

ஜனவரிப் புழுக்கத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று உலர்ந்திருக்கும். அதுதான் நம் ஊரில் பெயிண்டுக்கு ஏற்ற காலம்.

வெள்ளைக் கார். கூரை உட்பட எல்லா இடத்திலும் ஆரஞ்சுப் பொட்டுகள். கழுவினாலும் போகவில்லை. (மெர்பேங்க்)

உப்புத்தாளைக் கீழே வையுங்கள்! அது உங்கள் காரின் துருவே அல்ல. பிரேக், ரயில் தண்டவாளம், இரும்புப் பட்டறை இங்கிருந்தெல்லாம் பறக்கும் இரும்புத் தூள் பெயிண்டில் ஒட்டித் துருப்பிடித்திருக்கும். அயர்ன் ரிமூவர் தெளித்தால் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். மிச்சத்தைக் க்ளே பாரால் (களிமண் மாதிரி மெத்தென்ற கட்டி) எடுத்துவிட்டு மெழுகு போடுங்கள்.

பின் சக்கர வளைவில் பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது. தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறான் மகன். (இசிப்பிங்கோ)

தம்பி சொல்வது நடக்காது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்டை மேலே தள்ளுகிறது. சக்கர வளைவில் பெரும்பாலும் உட்புறத்தில் சேறு தங்கி அங்கிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே தெரிவது கொஞ்சம்தான். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டி வெல்டு வைத்தே தீர வேண்டும். துருவின் மேலேயே புட்டி பூசித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். புட்டி தண்ணீரை உறிஞ்சும், இரண்டு மழையில் கொப்புளம் திரும்ப வந்து நிற்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரும்புத் தகட்டில் ஓரிடத்தில் மட்டும் பிடிக்கவில்லையென்றால் உள்ளே புட்டிதான்.

வளைவோடு நின்றால் அழகுப் பிரச்சினை. சேசிஸ், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பொருத்திய இடங்கள் அரித்திருந்தால் உயிர் விஷயம். பெயர் மாற்றத்துக்கு ரோட்வர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) வாங்கப் போகும்போது அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அடிப்பாகத்தில் பழைய என்ஜின் ஆயில் அடித்தால் துரு வராதாமே? (டொங்காட்)

வேண்டாம். ரப்பர் புஷ்கள் ஊதிக் கெட்டுப்போகும், சைலன்சரில் பட்டால் புகையும், மிச்சம் தெருவில் சொட்டும். மெழுகு அல்லது லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் பசை) கலந்த ஸ்ப்ரே கடைகளிலேயே கிடைக்கிறது. அதைவிட முக்கியம், கதவின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகள். மாமர நிழலில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே சேரும் இலைக்குப்பையையும் பாருங்கள். அடைத்த துளையை ஒரு கேபிள் டையால் குத்தினால் போதும். சில கதவுகளிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் கொட்டும்.

லெனேசியாவிலிருந்து உம்லாங்காவுக்கு வீடு மாறுகிறோம். காருக்கு என்ன செய்ய வேண்டும்? (லெனேசியா)

மேட்டுநில வறட்சியில் காத்துக் கிடந்த கீறல்கள் கடலோரத்தில் சீக்கிரம் சிவக்கும், உப்பு அப்படி. வருவதற்கு முன்பே அவற்றை மூடிவிடுங்கள். வந்தபின், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் அலசுங்கள். ஈரக் காருக்கு உறை போடாதீர்கள். காற்றே புகாத கராஜைவிட நாலு பக்கமும் திறந்த கொட்டகை மேல்.