கேள்வி – பதில்: விறகு வெட்டப் போனவர்களும் ஜைத்தோவுக்கு நடந்தவர்களும்

கேள்வி: 1920களில் பஞ்சாபில் எழுந்த அகாலி இயக்கம் குருத்வாராக்களைச் சீர்திருத்தத் தோன்றியது என்று படித்தேன். கோயில் நிர்வாகத் தகராறு ஆங்கிலேய அரசுக்கு எதிரான போராட்டமாக மாறியது எப்படி? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தகராறின் வேர் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இருக்கிறது. 1849இல் பஞ்சாப் கம்பெனி ஆட்சியோடு இணைக்கப்பட்ட பிறகு நிலங்கள் பதிவு செய்யப்பட்டபோது, குருத்வாராக்களுக்கு மானியமாக விடப்பட்டிருந்த நிலங்கள் பலவும் அவற்றைப் பரம்பரையாகப் பார்த்துவந்த மகந்துகளின் சொந்தப் பெயரிலேயே ஏறின. மகந்துகளில் பலர் உதாசி என்னும் துறவி மரபினர். சீக்கியர்கள் வேட்டையாடப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கோயில்களில் வழிபாடு நின்றுபோகாமல் காத்தவர்கள் அம்மரபின் முன்னோர்களே என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் கால்வாய்ப் பாசனம் வந்து, குரு நானக் பிறந்த நன்கானா சாகிப் போன்ற இடங்களில் நிலத்தின் மதிப்புப் பெருகியதும், கையில் பட்டாவும் பின்னால் நீதிமன்றமும் இருந்த மகந்துகள் பக்தர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதவர்களாகிவிட்டார்கள்.

அமிர்தசரஸ் பொற்கோயிலின் நிர்வாகியோ அரசால் நியமிக்கப்பட்டவர். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் மக்களைச் சுட்டுக்கொன்ற டயருக்கு, அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவிலுள்ள அந்தப் பொற்கோயிலின் பெயரால் மரியாதை செய்யப்பட்டது. அந்தக் காயம் ஆறுவதற்குள், 1920 அக்டோபரில், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியம் தழுவியவர்கள் கொண்டுவந்த பிரசாதத்தை ஏற்கப் பூசகர்கள் தயங்கினார்கள். அடுத்த மாதமே குருத்வாராக்களை நிர்வகிக்கச் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியும், டிசம்பரில் அகாலி தளமும் உருவாயின. 1921 பிப்ரவரி 20 அன்று நன்கானா சாகிபுக்குள் நுழைந்த அகாலிகளை மகந்தின் ஆட்கள் கொன்று, உடல்களை எரித்தார்கள்.

ஆயினும் இவை எல்லாவற்றையும்விட, குரு கா பாக் என்னும் சிற்றூரில் 1922 ஆகஸ்டில் தொடங்கிய போராட்டமே உங்கள் கேள்விக்கு நேரான விடை. லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தின் அடுப்புக்காகக் குருத்வாரா நிலத்தில் கருவேல மரம் வெட்டிய ஐந்து அகாலிகள், அந்த நிலம் தன்னுடையது என்று மகந்து சொன்னதன் பேரில் திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார்கள். அதன்பின் நாள்தோறும் ஒரு ஜத்தா, அதாவது தொண்டர் குழு, பொற்கோயில் வளாகத்திலுள்ள அகால் தக்தில் கூடி, கை ஓங்குவதில்லை என்று உறுதியெடுத்துக்கொண்டு, குருமார்களின் பாடல்களான குருபாணியைப் பாடியபடி அந்த ஊருக்கு நடந்து சென்றது. காவலர்கள் தடியால் அடித்து வீழ்த்தினார்கள். விழுந்தவர்கள் எழுந்து மறுபடியும் முன்னே வந்தார்கள். அவர்களில் பலர் முதல் உலகப் போரில் இதே அரசுக்காகப் போரிட்ட முன்னாள் படைவீரர்கள். செப்டம்பரில் நேரில் வந்து பார்த்த, காந்தியின் ஆங்கிலேய நண்பர் சி.எஃப். ஆண்ட்ரூஸ், கிறிஸ்துவின் சிலுவைப்பாட்டை அங்கே மீண்டும் கண்டதாக உணர்ந்தார். மகந்தைக் காப்பது அரசு என்பதை அந்தக் கிராமத்துப் பக்தர்களுக்கு எந்தத் தலைவரும் பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. தடியைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதை அவர்களே கண்டார்கள்.

கேள்வி: இந்தப் போராட்டத்தில் ஜவாஹர்லால் நேருவுடன் ஒரு தமிழரும் கைதானாராமே? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஆம், அவர் கே. சந்தானம். நாபா சமஸ்தானத்து மகாராஜா ரிபுதமன் சிங் 1923 ஜூலையில் பதவி விலக வைக்கப்பட்டதைக் கண்டித்து அகாலிகள் அந்தச் சமஸ்தானத்து ஊரான ஜைத்தோவில் கூடினார்கள். செப்டம்பரில் அங்கே குரு கிரந்த சாகிபை இடைவிடாமல் ஓதும் அகண்ட பாராயணம் நடந்துகொண்டிருந்தபோது காவலர்கள் புகுந்து அதைத் தடுத்தார்கள். நிலைமையை அறியச் சென்ற காங்கிரஸ்காரர்களான நேருவும் கித்வானியும் சந்தானமும் கைதாக, நேருவின் கையும் சந்தானத்தின் கையும் ஒரே விலங்கில் பூட்டப்பட்டன.

அறுபட்ட பாராயணத்தை முடிப்பது என்பதே அதன்பின் அகாலிகளின் கோரிக்கையாயிற்று. மன்னரை மீண்டும் அமர்த்து என்பது அரசியல் கோரிக்கை, அதை அரசு மறுக்கலாம். ஓதிக்கொண்டிருந்ததை முடிக்க விடு என்பதை மறுத்தாலோ மதத்தில் கைவைத்த பழி வந்துசேரும். 1924 பிப்ரவரியில் அமிர்தசரஸிலிருந்து ஐந்நூறு பேர் ஊர் ஊராக நடந்து ஜைத்தோவை அடைந்தபோது அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பிறகும் ஜத்தாக்கள் நிற்கவில்லை. 1925 ஆகஸ்டில் நூற்றொரு பாராயணங்கள் அங்கே நிறைவு பெற்றன.

அதே 1924இல் வைக்கம் சத்தியாக்கிரகிகளுக்கு உணவளிக்க அகாலிகள் பஞ்சாபிலிருந்து வந்து லங்கர் நடத்தியதையும் இங்கே சொல்ல வேண்டும். வெளியார் உதவி கூடாது என்று காந்தி கருதியதால் அது நிறுத்தப்பட்டது.

கேள்வி: 1925ஆம் ஆண்டுக் குருத்வாராச் சட்டத்தால் சீக்கியர்கள் முழு வெற்றி பெற்றார்கள் என்று சொல்லலாமா? (வாசகர், சேலம்)

பதில்: நிர்வாகத்தைப் பொறுத்தவரை சொல்லலாம். குருத்வாராக்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடம் வந்தன. பெண்களுக்கும் அதில் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் வாக்காளர் பட்டியலுக்காகச் சீக்கியர் யார் என்று சட்டம் வரையறுக்க வேண்டியிருந்தது. குரு கிரந்த சாகிபையும் பத்துக் குருமார்களையும் நம்புகிறேன், எனக்கு வேறு மதம் இல்லை என்று ஒருவர் உறுதிகூற வேண்டும் என அது விதித்தது. மூத்த மகனைச் சீக்கியனாக வளர்த்து மற்றவர்களை இந்துக்களாகவே விட்ட குடும்பங்களும், இரண்டு வழிபாடுகளுக்கும் இடையில் இயல்பாக நடமாடியவர்களும் வாழ்ந்த மண்ணில், அந்தக் கடைசி வாக்கியம் ஒரு வேலியாயிற்று. அரசிடமிருந்து கோயிலை மீட்க அன்றைக்கு வேறு வழி இருந்திருக்குமா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். ஆயினும் அது ஓர் இழப்புதான்.

எந்தக் கோயிலுக்காக உயிர்கள் போயினவோ அந்த நன்கானா சாகிப் 1947இல் பாகிஸ்தானில் அமைந்தது. பிரிந்துபோன குருத்வாராக்களைத் தடையின்றித் தரிசிக்கும் பேறு வேண்டும் என்ற வரி, அதற்குப் பிறகு சீக்கியர்களின் அன்றாடப் பிரார்த்தனையான அர்தாஸில் சேர்க்கப்பட்டது, இன்றும் ஓதப்படுகிறது.