டிஸ்னி வேர்ல்டில் தயிர்சாதம் கொண்டுபோகலாமா?

கேள்வி: ஜூனில் நான்கு நாள் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் போகிறோம். பையனுக்கு ஐந்து வயது, பெண்ணுக்கு இரண்டு. நாங்கள் சைவம். எல்லா வேளைக்கும் முன்கூட்டியே ரெஸ்டாரண்டில் இடம் பிடித்துவிட வேண்டுமா? வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா?

பதில்: விடுவார்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது (குழந்தை உணவு பாட்டிலுக்கு மட்டும் விலக்கு). சூடுபடுத்தத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். காட்டமான வாசனையும் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அதனால் ஊறுகாயை அறையிலேயே விட்டுவிடுங்கள்! உதிரி ஐஸ் கட்டிக்கும் அனுமதி இல்லை. உறைய வைத்த ஐஸ் பேக் வைத்துக்கொள்ளலாம்.

வாசலில் விடுவார்களா என்பதைவிட ஃபுளோரிடா வெயிலைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 32 டிகிரியைத் தாண்டினால் சமைத்த உணவு வெளியே ஒரு மணி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புக் கணக்கு. தயிர்சாதமோ எலுமிச்சை சாதமோ, ஐஸ் பேக்கோடு கட்டி, முற்பகல் பதினொரு மணிக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு கைகொடுப்பது முறுக்கு, பிஸ்கட், வாழைப்பழம். தண்ணீர் சுமக்க வேண்டாம். குளிர்பானம் ஊற்றித் தரும் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம்.

அடுத்தது ரெஸ்டாரண்ட். எல்லா வேளைக்கும் பதிவு செய்தால், அந்த மணிக்குப் பிள்ளைகளைப் பசிக்க வைப்பதே உங்கள் வேலையாகிவிடும். இரண்டு வயதுக் குழந்தை தூங்கி வழிகிற நேரத்தில் மேஜையில் உட்கார வைத்து ஸ்பூனை நீட்டிப் பாருங்கள், புரியும். நான்கு நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதிவு போதும் என்பேன். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமில் 'கிரிஸ்டல் பேலஸ்' பஃபேயில் வின்னி த பூ கூட்டம் (கார்ட்டூன் கரடிக்குட்டியும் அதன் நண்பர்களும் வேடத்தில்) மேஜைக்கே வந்து உங்களோடு படம் எடுத்துக்கொள்ளும். அவர்களைப் பார்க்க வெயிலில் தனியாக வரிசை நிற்க வேண்டாம். பஃபேயில் மூன்று வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம். பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும்.

மற்ற வேளைகளுக்கு மொபைல் ஆர்டர். காலையில் பஸ்ஸில் வரும்போதே டிஸ்னி வேர்ல்டின் செயலியில் உணவையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துவிடலாம். கடைப் பக்கம் போனதும் 'வந்துவிட்டேன்' என்று தட்டினால்தான் தயாரிக்கத் தொடங்குவார்கள். நேரத்தைப் பதினொன்று, பதினொன்றரைக்கு வையுங்கள். பன்னிரண்டரைக்கு ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுவது பெரியவர்களுக்கே எரிச்சல். சைவம் என்றால் சூப், பீன்ஸ், சாஸ் மூன்றையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இறைச்சிச் சாறு ஒளிந்திருக்கும்.

ஜூன் பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும். வந்தால் எல்லோரும் சாப்பாட்டுக் கூடங்களுக்குள் ஒதுங்குவார்கள். சாப்பிட்டதும் ஹோட்டலுக்குத் திரும்பிப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டால் அந்தக் கூட்டத்திலிருந்து தப்பிக்கலாம்.

அப்புறம், நான்கு பார்க்கிலும் பேபி கேர் சென்டர் உண்டு. ஏசி, உயர நாற்காலி, மைக்ரோவேவ் எல்லாம் இருக்கும். மேஜிக் கிங்டமில் அது கிரிஸ்டல் பேலஸ் பக்கத்திலேயே. பெண்ணுக்குப் பால் சூடாக்க அங்கே போங்கள். பையன் அந்த நேரத்தில் அப்பாவோடு ஒரு ரைடு போய்விட்டு வரட்டும்.