மெர்க்கிள் முட்டாளா?

கேள்வி: 1908-ல் ஃப்ரெட் மெர்க்கிள் என்ற பேஸ்பால் வீரர், ரன் ஓடும் வழியில் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்றான இரண்டாவது பேஸைத் தொடாமல் ஓடிப்போனதால்தான் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி பட்டத்தைக் கோட்டைவிட்டதாமே! இப்படியும் ஒரு முட்டாள் இருப்பாரா?

பதில்: முட்டாள் என்று தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் கேள்வியே கேட்கிறீர்கள். நூறு வருடத்துக்கு மேலாக ஊரே அதைத்தான் சொல்கிறது, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்று செப்டம்பர் 23. இடம் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ், எதிரணி சிகாகோ கப்ஸ். ஜயண்ட்ஸில் வழக்கமாக முதல் பேஸைக் காக்கும் ஃப்ரெட் டென்னிக்கு இடுப்புப் பிடிப்பு, அவர் இடத்தில் 19 வயது மெர்க்கிளை இறக்கினார்கள். கடைசி இன்னிங்ஸ், 1-1, ஜயண்ட்ஸ் அடிக்கும் முறை, இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ஓடத் தயாராக மெக்கார்மிக். பையன் அடித்த அடியில்தான் மெக்கார்மிக் மூன்றாவது பேஸுக்கே போனார் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அடுத்து ஜயண்ட்ஸின் பிரிட்வெல் சென்டர் ஃபீல்டுக்கு, அதாவது மைதானத்தின் நடுப் பின்பக்கத்துக்கு அடிக்க, மெக்கார்மிக் வந்து ரன்னை எடுத்துவிட்டார், ஜனம் திபுதிபுவென்று மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. முதல் பேஸில் இருந்த மெர்க்கிள் இரண்டாவதுக்குப் போகும் பாதி வழியில் திரும்பி, சென்டர் ஃபீல்டு பக்கம் இருந்த வீரர்கள் அறைக்கு ஒரே ஓட்டம்.

விதி என்னவென்றால், அடித்தவர் முதல் பேஸுக்கு வருவதால் அங்கே நிற்பவர் இரண்டாவதுக்குப் போயே ஆக வேண்டும், அவர் சேருவதற்குள் எதிரணிக்காரர் பந்தோடு அதை மிதித்துவிட்டால் அவுட், அது மூன்றாவது அவுட் என்றால் வந்த ரன்னும் செல்லாது. ஆனால் கிரிக்கெட்டில் ஜெயிக்கிற ரன் ஓடியதும் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த மாதிரி, ஆட்டம் முடிந்ததென்று இப்படிக் கிளம்பிப் போவது அப்போது சகஜம்.

எவ்வளவு சகஜம் என்றால், அதே மாதம் 4-ம் தேதி பிட்ஸ்பர்க்கில் வாரன் கில் என்பவர் இதையேதான் செய்தார். கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தை வாங்கி பேஸை மிதித்து முறையிட்டார். நடுவர் ஹேங்க் ஓ'டே "நான் பார்க்கவில்லை" என்றார், ரன் செல்லுபடியானது, மேல்முறையீடும் தள்ளுபடி. சரி, நியூயார்க்கில் பந்து கேட்டுக் கத்தியது யார்? அதே எவர்ஸ். நடுவர்? அதே ஓ'டே! இடையில் புகுந்து ஜயண்ட்ஸின் மெக்கின்னிட்டி பந்தைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் எறிந்தார் என்கிறார்கள். எவர்ஸ் கையில் இருந்தது அதே பந்துதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எதுவானாலும் மெர்க்கிள் அவுட். மைதானம் பூரா ஜனம், இருட்டு வேறு, ஆட்டம் டிரா.

சீசன் முடிவில் இரண்டு அணிக்கும் 98 வெற்றி. அக்டோபர் 8-ல் திரும்ப ஆடி கப்ஸ் 4-2 என்று ஜெயித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. அன்று தோற்ற பந்துவீச்சாளர் யார் தெரியுமா, மாமேதை கிறிஸ்டி மேத்யூசன். அவரை யாராவது முட்டாள் என்றார்களா?

ஜயண்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ரா, கோபத்துக்குப் பேர்போன மனிதர், அவரே பையனைக் குறை சொல்லவில்லை, சம்பளத்தைத்தான் கூட்டினார். பத்திரிகைகள்தான் மரமண்டை என்று பட்டம் கட்டின (எங்கள் ஜாதி ஆயிற்றே, தலைப்புக்கு ஒரு பலியாள் வேண்டாமா). 1956-ல் சாகும்வரை அந்தப் பெயர் அவரை விடவில்லை.

கணக்குப் பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள். சீசனின் கடைசி வாரத்தில் ஃபிலடெல்ஃபியாவின் ஹாரி கோவெலெஸ்கி, 22 வயது இடக்கைப் பந்துவீச்சாளர், ஐந்தே நாளில் ஜயண்ட்ஸை மூன்று முறை தோற்கடித்தார். அதில் இரண்டை ஜெயித்திருந்தால் அக்டோபர் 8-க்கு வேலையே இல்லை. அந்த மூன்று நாளும் மட்டையைப் பிடித்துக்கொண்டு திணறிய ஜயண்ட்ஸ்காரர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?