மடியில் வந்த பிள்ளை

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். என் மகளும் மருமகனும் பப்புவா நியூ கினியில் வேதாகம மொழிபெயர்ப்பு ஊழியத்தில் இருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து இந்த ஏப்ரலில் விடுமுறைக்கு வந்தார்கள், கையில் பதினான்கு மாதப் பேத்தியோடு. நான் அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பத்து வார விடுமுறையில் எங்கள் வீட்டில் இருந்தது பன்னிரண்டே நாள். மீதியெல்லாம் மருமகன் வீட்டார், சென்னை, பெங்களூர் சொந்தக்காரர்கள், அப்புறம் காணிக்கை அனுப்புகிற சபைகள். பிள்ளை என்னிடம் வரவே இல்லை, தூக்கினால் அலறுகிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விளையாடுகிறாள். நாள் முழுக்க டயப்பர். 'ஆச்சி' என்று சொல்லக்கூடப் பழக்கவில்லை, என்னைப் பார்த்து 'பூபு' என்கிறாள்.

கைக்குழந்தையை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு அலைவது சரியா? அடுத்த தடவை பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லலாமென்று இருக்கிறேன். ஜட்சன் ஐயர் குடும்பம்கூடக் கைக்குழந்தையை விட்டுவிட்டுத்தானே கப்பலேறியது? ஊழியக்காரர்களுக்கு அந்தத் தியாகம் வேண்டாமா?

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

*

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்த காலையில் நான் என் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. கையைத் தூக்க முடிவதில்லை. சீவி முடித்துவிட்டு வந்து கடிதத்தைத் திறந்தேன். 'என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள்' என்ற வரிக்கு மேல் என்னால் உடனே படிக்க முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். பப்புவா நியூ கினி நேரம் நம்முடையதைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உங்கள் ராத்திரி இரண்டு மணி அவளுக்கு விடிந்து ஆறரை மணி. பிள்ளை சரியான நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறாள். புது முகத்தைக் கண்டு அலறுவது எட்டு மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரைக்கும்கூட எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். தன் ஆள் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள். டயப்பர் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பத்து வாரம் பெட்டியும் பிள்ளையுமாக ஊர் ஊராகப் போகிறவளுக்குத் துணி துவைத்துக் காயப்போட எங்கே கொடி இருக்கிறது?

ஜட்சனுக்கு வருகிறேன். இதை எந்த மேடையில் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் இந்தக் கதையை நம் சபைகளில் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதில் தீராத கோபம் உண்டு. முழுவதும் கேளுங்கள். 1845 ஏப்ரலில், பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி சாராள் அம்மாவும் அங்கே மௌல்மெயினிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அந்த அம்மாவுக்கு உடம்பு மிக மோசம், கடல் காற்றுதான் கடைசி நம்பிக்கை. மூத்த பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டார்கள். இளையவர்கள் மூன்று பேரை அங்கேயே மற்ற மிஷனெரிகளிடம் விட்டார்கள். அதில் எட்வர்டுக்கு நாலு மாதம், சார்லிக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. ஆகஸ்டில் சார்லி இறந்துபோனான். செப்டம்பர் 1ஆம் தேதி அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவின் துறைமுகத்தில், கப்பலிலேயே, தாயும் இறந்தாள். அன்றைக்கே கரையில் அடக்கம் செய்துவிட்டு அன்று சாயங்காலமே கப்பல் கிளம்பியது. பிள்ளை தனக்கு முன்னால் போய்விட்டான் என்பது அவளுக்குத் தெரியாது.

ஜட்சன் மூத்த மூன்று பேரையும் அமெரிக்காவில் விட்டுவிட்டு மறுவருடம் பர்மா திரும்பினார். அந்தப் பிள்ளைகள் அப்பாவை அப்புறம் பார்க்கவே இல்லை. 1850இல் அவரும் கப்பலில் இறந்து கடலிலேயே அடக்கமானார்.

இதில் எந்த இடத்தைக் காட்டி உங்கள் மகளை 'இப்படிச் செய்' என்பீர்கள்? எழுந்து நிற்க முடியாத ஒரு தாய், நாலு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் போக முடியாமல் விட்டாள். வேறு வழியில்லை, விட்டாள். அவளுக்கு வழியில்லாமல் போனதை எடுத்து, வழியுள்ள உங்கள் மகளுக்கு நாம் சட்டமாக்குகிறோம். தியாகம் என்று சொல்கிறீர்கள். யாருடைய தியாகம்? ஊழியத்துக்குப் போகிறேன் என்று கை தூக்கியது தாயும் தகப்பனும். சார்லி கை தூக்கவில்லை. தன்னுடையதைக் கொடுத்தால் தியாகம். பிள்ளையுடையதை எடுத்துக் கொடுப்பதற்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள் அக்கா, நான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

எரிக் லிடெலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்டவர், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியவர். வாலிபர் கூட்டங்களில் அவர் கதை அந்தப் பந்தயத்தோடு முடிந்துவிடும். எனக்கு அதற்கு முன்னும் பின்னும்தான் முக்கியம்.

அவர் பிறந்தது சீனாவில், டின்ட்சின் நகரத்தில், 1902இல். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியர். 1908இல், ஆறு வயதில், அவரையும் அண்ணன் ராபையும் லண்டனில் மிஷனெரி மகன்களுக்கென்றே இருந்த பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். அப்பா சீனாவுக்குத் திரும்பினார். அம்மா ஒரு வருடம் பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்கிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவளும் மகளோடு கப்பலேறினாள். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கும். போக மனமில்லாமல் நின்றிருக்கிறாள்.

அந்தப் பையன் வளர்ந்து, ஓடி, ஜெயித்து, 1925இல் தானும் சீனாவுக்கே போகிறான். அங்கே கனடாவைச் சேர்ந்த மிஷனெரி ஒருவரின் மகள் ஃப்ளோரன்ஸை 1934இல் கட்டிக்கொள்கிறான். 1935இல் பட்ரிஷியா, 1937இல் ஹெதர். 1939இல் விடுமுறை வருகிறது. அக்கா, உங்கள் மகளுடைய விடுமுறைதான் அது, அப்படியே. முதலில் டொராண்டோவில் மனைவி வீடு. அப்புறம் ஸ்காட்லாந்தில் தன் வீடு, சபைகள், கூட்டங்கள். நடுவில் உலகப்போர் வந்துவிட்டது. கடலில் நீர்மூழ்கிகள். அவர் முதலில் தனியாகத்தான் ஸ்காட்லாந்து போனார். கடல் ஆபத்து என்று மனைவியையும் பிள்ளைகளையும் டொராண்டோவிலேயே நிறுத்தியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1940இல் ஃப்ளோரன்ஸ் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து போனாள். விடுதி வாசலில் ஒரு வருடம் நின்ற அதே அம்மா, பேத்திகளைப் பார்த்தது அந்தப் பயணத்தில்தான்.

1940 ஆகஸ்டில் நாலு பேரும் திரும்பினார்கள். கூட்டமாகப் போன கப்பல்களில் சில கண்ணெதிரே மூழ்கின. இவர்கள் கப்பலிலும் ஒரு டார்பிடோ வந்து மோதியது. வெடிக்கவில்லை. ஐந்து வயதும் மூன்று வயதுமாக இரண்டு குழந்தைகள் உள்ளே. கனடாவைக் கடந்து, பசிபிக்கைக் கடந்து, அக்டோபர் கடைசியில் டின்ட்சின் வந்து சேர்ந்தார்கள்.

நீங்கள் 'இழுத்துக்கொண்டு அலைவது' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தக் கப்பலைத்தான் நினைத்தேன்.

மறுவருடம் சீனாவில் ஆபத்து முற்றியபோது, மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் அவர் கனடாவுக்குக் கப்பலேற்றினார். அந்தப் பிள்ளை மோரீனை அவர் பார்க்கவே இல்லை. ஜப்பானியர் அவரைச் சீனாவிலேயே வெய்ஷியன் என்ற சிறைமுகாமில் அடைத்தபோது அங்கே பெற்றோரைப் பிரிந்த மிஷனெரிப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து, விளையாட்டு நடத்தி, எல்லாருக்கும் 'எரிக் மாமா'வாக இருந்தார். 1945 பிப்ரவரி 21இல், நாற்பத்து மூன்று வயதில், மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார். விடுதியில் விடப்பட்ட பிள்ளைக்குத்தான் விடப்பட்ட பிள்ளைகளை அப்படிப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தது என்று நான் நினைக்கிறேன்.

எனக்கும் கொஞ்சம் தெரியும் அக்கா. என் அப்பா அம்மா குஜராத்தின் டாங் காடுகளில் ஊழியம் செய்தார்கள். என்னை ஐந்து வயதில் ஊரில் ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஆச்சி தங்கம். எனக்குச் சாப்பாட்டுக்கோ பாசத்துக்கோ ஒரு குறையும் கிடையாது, இதை முதலில் எழுதிவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்து அவர்கள் விடுமுறைக்கு வந்தார்கள். சூரத்தில் ரயிலேறி, சென்னையில் மாறி, மூன்றாம் நாள் வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். அம்மா மடியில் என் தம்பி, ஒன்பது மாதம். கன்னத்தில் மைப்பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு. நான் ஆச்சி சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "யாரு ஆச்சி இது?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போக அம்மா எனக்குத் தலை சீவினாள். நடு வகிடு எடுத்தாள். ஆச்சி எனக்கு எப்போதும் கோண வகிடுதான். நான் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், கொல்லையில் வைத்து இரண்டு கையாலும் கலைத்துவிட்டு, ஆச்சியிடம் சீப்பைக் கொடுத்தேன். ஆச்சி சீவ மாட்டேன் என்றாள். "அம்ம எடுத்தது நல்லாத்தான இருக்கு" என்றாள். நான் அழுதேன். கடைசியில் ஆச்சி சீவினாள், கோண வகிடு. அம்மா தம்பிக்குப் பால் கொடுத்தபடி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, 'இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்காக விட்டுவிட்டுப் போனவர்கள்' என்று சொன்னார்கள். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவனை விடவில்லையே, மடியில் வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன்.

திரும்பிப் போகும்போதும் அவன் மடியில்தான் போனான். ரயிலில் வாந்தி எடுத்தான், காய்ச்சலில் கிடந்தான், காட்டில் வளர்ந்தான். இன்றைக்கும் அம்மாவிடம் அவனுக்கு ஒரு சுவாதீனம் உண்டு, சண்டை போடுவான், மடியில் தலை வைத்துப் படுப்பான். ஐம்பது வயது தாண்டிய எனக்கு அது வரவில்லை. நான் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

போன மாதம் ஒரு நாள் சீவிக்கொண்டிருக்கும்போது அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஒன்ன விட்டுட்டுப் போனத ஊழியம்னு சொன்னாவ. நானும் நம்புனேன்." நான் சீப்பை நிறுத்தவில்லை. வேறு பேச்சும் எடுக்கவில்லை.

நீங்கள் கேட்டது அலைச்சலைப் பற்றி. அது இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அலைய வைத்தது யார்? இங்கே ஒரு சாப்பாடு, அங்கே ஒரு ஜெபம் என்று ஒவ்வொரு வீட்டிலும் நாம்தான் கூப்பிட்டோம். போகாவிட்டால் 'வெளிநாட்டுக்குப் போனதும் மறந்துட்டாங்க' என்றிருப்போம். வருடத்துக்கு ஒரு தடவை காணிக்கை அனுப்பிவிட்டு, பிள்ளையையும் மேடையில் பார்க்க வேண்டும் என்று சபைகள் கேட்கின்றன. அடுத்த தடவை உங்கள் சொந்தக்காரர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மகள் ஒரே கட்டிலில் ஆறு வாரம் படுக்கட்டும். மருமகன் வேண்டுமானால் சபைகளுக்குப் போய்வரட்டும். இதைச் செய்ய உங்களால் முடியும், உங்கள் மகளால் முடியாது. அவள் வாய் திறந்தால் 'ஊழியக்காரி பேசுகிறாள் பார்' என்பார்கள்.

விட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் தனிமை எனக்குப் புரிகிறது. பன்னிரண்டு நாளில் ஆறு நாள் பிள்ளை உங்களைக் கண்டு அழுதிருப்பாள், மீதி ஆறு நாளில் பழகத் தொடங்கும்போது பெட்டி கட்டியிருப்பார்கள். அந்த வலியில்தான் இந்த யோசனை வந்திருக்கிறது. ஆனால் அவள் உங்களிடம் இருந்தால், இரண்டு வருடம் கழித்து உங்கள் சேலைக்குப் பின்னால் நின்று 'யாரு ஆச்சி இது?' என்று உங்கள் மகளைப் பார்த்துக் கேட்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க உங்களால் முடியாது. என் ஆச்சியால் முடியவில்லை.

இன்னொன்று. 'பூபு' என்கிறாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது பப்புவா நியூ கினியில் பேசும் டோக் பிசின் மொழிச் சொல். தாத்தா பாட்டியை அங்கே பூபு என்று கூப்பிடுகிறார்கள். தாத்தா பாட்டி பேரப்பிள்ளையைக் கூப்பிடுவதும் அதே பூபுதான். உங்கள் மகள் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டி வந்திருக்கிறாள். பிள்ளை அழுகைக்கு நடுவிலும் உங்களை ஆச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள் அக்கா, நமக்குத்தான் காதில் ஏறவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு நீங்கள் போன் போட்டால் அங்கே ராத்திரி ஏழரை, தூங்கப்போகும் நேரம். சிக்னல் கிடைக்கிற நாளில் கூப்பிடுங்கள். அவளைப் பேசு பேசு என்று சொல்லாமல், நீங்கள் ஒரு பாட்டு மட்டும் பாடுங்கள், தினமும் அதே பாட்டு. முதலில் 'பூபு' என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.